ஓ-ரிங் போட்டதுதான் தப்பா? வேக்குவம் பம்ப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மோட்டார்க்காரன்:

பெயர் வேண்டாம், கோவைப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வயது 51. சப்மெர்சிபிள், மோனோபிளாக் என்று ஊருக்கெல்லாம் பம்ப்செட் பிரித்து மாட்டிக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன், கடைசியில் ஒரு பம்ப் விஷயத்தில் நானே மாட்டிக்கொண்டேன். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

சுகர் வந்து 11 வருஷம். நான்கைந்து வருஷமாக விறைப்பு சரியாக வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை. யாரிடமும் சொல்லவில்லை, வீட்டில் வேலை அலுப்பு என்று சொல்லியே ஓட்டிவிட்டேன். பத்து மாதத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் தினமும் ஓடுகிறது, சட்டைப்பையில் எப்போதும் நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கிற சார்பிட்ரேட் இருக்கும். அது இருக்கும்வரை விறைப்புக்கான அந்த நீல மாத்திரை (வயாகரா) பக்கமே போகாதே என்று இதய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் மாத்திரை இல்லாமல் காற்றை இழுத்து விறைப்பு வரவைக்கிற வேக்குவம் பம்ப் யோசனை வந்தது.

ஆன்லைனில் 1,400 ரூபாய். அட்டைப்பெட்டியில் "30 நாளில் 2 அங்குலம்" என்று தங்க எழுத்து. உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய், பைக் பிரேக் மாதிரி அமுக்குகிற கைப்பிடி, மூன்று ரப்பர் வளையம். அழுத்தம் காட்டுகிற கேஜும் கிடையாது, காற்றை விடுகிற வால்வும் கிடையாது. முதல் இரண்டு நாள் பயந்து பயந்து செய்ததில் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் வருவது வரட்டும் என்று இருபது நிமிஷம் விடாமல் அமுக்கினேன். வந்தது. ஆனால் அவர்கள் கொடுத்த வளையம் லொடலொடவென்று இருந்தது, குழாயை எடுத்ததும் எல்லாம் இறங்கிவிட்டது. இங்கேதான் மூளை தொழில்பக்கம் போனது. கடையில் பம்ப்செட் கசியாமல் இருக்கப் போடுகிற ரப்பர் வளையங்கள் உள்ள சீல் கிட்டில் இருந்து அளவு பார்த்து ஒரு ஓ-ரிங் எடுத்து வந்து போட்டேன்.

போடும்போது சுலபமாகத்தான் ஏறியது. முக்கால் மணி நேரம் கழித்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை. கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது, தொட்டால் ஐஸ் மாதிரி ஜில்லென்று இருக்கிறது, வலிகூடத் தெரியவில்லை. தேங்காய் எண்ணெய் ஊற்றி உருட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அப்புறம் வீட்டுக்காரி செல்போன் டார்ச் பிடிக்க, நகம் வெட்டுகிற சின்னக் கத்தரியால் நானே வெட்டி எடுத்தேன். கை நடுங்கியதில் தோலையும் கொஞ்சம் கீறிவிட்டேன்.

இது நடந்து நான்கு நாள். முனையில் சிவப்புப் புள்ளி புள்ளியாக இருக்கிறது, அடிப்பகுதி முழுவதும் கன்றி மஞ்சளும் நீலமுமாக நிற்கிறது. முதல் நாள் முழுக்க மரத்துப்போய் இருந்தது, இப்போது உணர்வு வந்துவிட்டது, சிறுநீர் போவதில் சிரமம் இல்லை. இது தானாகச் சரியாகுமா? பம்ப் என்பதே ஏமாற்றா, இல்லை நான் பயன்படுத்திய விதம்தான் தப்பா?

முருங்கைமரம்:

அண்ணே, முருங்கைப்பூவைப் பாலில் போட்டு 48 நாள் குடியுங்கள். மெஷினெல்லாம் எதற்கு.

இரவுப்பணி:

முருங்கைப்பூ சாப்பிடுவதில் தவறில்லை சகோ, கூட்டு வைத்தால் நன்றாகத்தான் இருக்கும். ஸ்டென்ட் வைத்தவருக்கு அது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

மோட்டார்க்காரன் அண்ணா, நான் ஒரு ஆஸ்பத்திரியில் யூராலஜி பிரிவில் ஆண் செவிலியராக இருக்கிறேன். ஒன்பது வருஷ அனுபவம், டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் இன்றைய காரியம். சிவப்புப் புள்ளி என்பது தோலுக்கு அடியில் இருக்கிற நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைந்தது, கன்றியது என்பது அதையே பெரிதாகச் செய்தது. பொதுவாக இரண்டும் வடிந்துவிடும். ஆனால் நீங்கள் சாதாரண ஆள் இல்லை. ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை இரண்டு உள்ளே போகிறது, சுகர் இருக்கிறது, கத்தரிக் கீறலும் இருக்கிறது. அந்த இடத்தில் சுகர்க்காரர்களுக்குச் சீழ் வைத்தால் வேகமாகப் பரவும். நாளைக்கே ஒரு யூராலஜி டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அதற்குள் கொப்புளம், கருத்த தோல், காய்ச்சல், கெட்ட வாடை, மறுபடி மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பு, இதில் எது வந்தாலும் நாளை வரைக்கும்கூடப் பொறுக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இன்னொன்று, இது மிக முக்கியம்: கன்றியதைப் பார்த்துப் பயந்து ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரெலையோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இது ஒரு மாதத்தில் ஆறிவிடும், ஸ்டென்ட் அடைத்தால் ஆள் போய்விடுவார்.

இரண்டாவது, பம்ப் ஏமாற்று இல்லை. பெட்டியில் எழுதியிருக்கும் 2 அங்குலம்தான் ஏமாற்று. யூராலஜியில் மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, குறிப்பாக உங்களை மாதிரி சார்பிட்ரேட் வைத்திருப்பவர்களுக்கு (இரண்டும் சேர்ந்தால் பிரஷர் தடாலென்று விழும்), டாக்டர்களே சொல்லுகிற கருவி இது. வேலை செய்யும் விதம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழாயில் காற்றை இழுத்தால் உள்ளே அழுத்தம் குறைகிறது, ரத்தம் வந்து நிரம்புகிறது, அடியில் வளையம் போட்டுத் திரும்பிப் போகாமல் நிறுத்துகிறோம். கிணற்றுக்குள் இருக்கிற ஃபுட் வால்வு செய்கிற அதே வேலை. வித்தியாசம் என்னவென்றால் கிணற்றுத் தண்ணீர் நின்றால் கெடாது, ரத்தம் நின்றால் கெடும். வளையம் இறுகியபிறகு புது ரத்தம் வருவது ஏறக்குறைய நின்றுவிடும், அதனால்தான் நீலமும் ஜில்லிப்பும். கொஞ்சம் நீலம், கொஞ்சம் ஜில்லிப்பு எல்லாருக்கும் வரும். நேரம் தாண்டினால்தான் ஆபத்து.

அந்த நேரம் 30 நிமிஷம். வளையம் ஏறிய நொடியில் இருந்து கணக்கு. எடுத்தபிறகு மறுபடி போட வேண்டுமென்றால் குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி. வளையத்தோடு தூங்கவே கூடாது, அதனால் குடித்துவிட்டு இதைத் தொடவும் கூடாது. நான் பார்த்த மோசமான கேஸ் இரண்டும் போட்டுக்கொண்டு தூங்கிப்போனவர்கள்தான்.

ஓ-ரிங்குக்கு வருகிறேன். ஆமாம், பெரிய தப்பு அதுதான். இதற்கென்று வருகிற வளையத்தில் இரண்டு பக்கமும் காது மாதிரி பிடி இருக்கும், இரண்டு கையால் பிடித்து விரித்தால் கழன்றுவிடும். ஓ-ரிங், ரப்பர் பேண்ட், நூல், வாஷர், பேரிங் எல்லாம் ஏறும்போது ஏறும், வீங்கியபிறகு இறங்காது. இரும்பு வளையத்தைக் கட்டர் வைத்து அறுத்து எடுத்த நாட்களும் உண்டு, அந்தச் சத்தமும் தீப்பொறி படாமல் இருக்க நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நின்றதும் இன்றும் நினைவிருக்கிறது. கொடுத்த வளையம் லூசாக இருந்தால் அடுத்த அளவு வாங்க வேண்டும். பிடித்து நிற்கிற வளையங்களில் எது மிகப் பெரியதோ அதுதான் உங்களுக்கு.

அடுத்து கருவி. காற்று ஒரு அளவுக்கு மேல் இழுக்காமல் தானே விட்டுவிடுகிற வால்வு வேண்டும், கையால் உடனே விடுவிக்கிற பொத்தானும் வேண்டும். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த இழுவைக்கு வைத்திருக்கிற உச்ச அளவு 17 அங்குலப் பாதரசம், மில்லிமீட்டரில் 430 சொச்சம். அது உச்சவரம்பு, இலக்கு இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அதில் பாதியே போதும். வால்வு இல்லாத பம்ப் என்பது பிரஷர் குக்கரில் சேஃப்டி வால்வைப் பிடுங்கிவிட்டுச் சமைப்பது மாதிரி.

பயன்படுத்தும்போது அடியில் இருக்கிற முடியைக் கத்தரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காற்று கசியும், நீங்கள் இன்னும் வேகமாக அமுக்குவீர்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும். தண்ணீரில் கரைகிற ஜெல்லி மருந்துக்கடையில் கிடைக்கும், அதைக் குழாயின் விளிம்பிலும் தோலிலும் தடவுங்கள். இரண்டு மூன்று முறை அமுக்கி, சில நொடி நிறுத்தி, மறுபடி அமுக்குங்கள். சில நிமிஷத்தில் வந்துவிடும், இருபது நிமிஷம் தேவையே இல்லை. வலித்தால் அங்கேயே நிறுத்திக் காற்றை விட்டுவிடுங்கள். விதைப்பைத் தோல் குழாய்க்குள் இழுபடாமல் ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், அது இழுபட்டால் எழும் வலி ஒருமுறை பட்டவர்களுக்குத்தான் தெரியும். முடிந்தபிறகு முன்தோல் பின்னால் தள்ளியிருந்தால் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சுகர்க்காரர்களுக்குத் தோல் இறுகியிருக்கும், அப்படியே விட்டால் வீங்கி மாட்டிக்கொள்ளும்.

உங்கள் பிரச்சினை நெஞ்சுவலிக்குச் சில வருஷம் முன்னால் ஆரம்பித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆணுறுப்புக்குப் போகிற ரத்தக்குழாய் இதயக் குழாயைவிடக் குறுகலானது, அடைப்பு பலருக்கு அங்கேதான் முதலில் தெரியும். அன்றே ஒரு டாக்டரிடம் சொல்லியிருந்தால் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் நம் ஊரில் யார் சொல்கிறார்கள்.

தனிமரம்_24:

அண்ணன்களே, எனக்கு வயது 24, கல்யாணம் ஆகவில்லை. சுகர் எல்லாம் இல்லை. அளவு சிறியதோ என்று காலேஜில் இருந்தே ஒரு கவலை. அந்த 2 அங்குல பம்பைத்தான் கார்ட்டில் போட்டு வைத்திருக்கிறேன், இந்தப் பதிவைப் படித்ததும் கை நின்றுவிட்டது. ஒரு மாதம் தினமும் செய்தால் கொஞ்சமாவது வளராதா? பஸ் ஸ்டாண்ட் சுவரில் "இரண்டாம் செவ்வாய் இன்ன லாட்ஜ்" என்று போஸ்டர் ஒட்டுகிற வைத்தியரும் பம்ப் தருகிறாராம்.

இரவுப்பணி:

தம்பி, கார்ட்டைக் காலி செய்.

குழாயில் இருந்து எடுத்ததும் பெரிதாகத் தெரியும், அது தோலுக்கடியில் கோத்த நீர், பணியாரம் மாதிரி உப்பியிருக்கும், சில மணி நேரத்தில் வடிந்துவிடும். பெட்டி விற்கிறவன் காட்டுகிற போட்டோ அந்த நிமிஷத்தில் எடுத்தது. ஈரானில் இதையே சோதித்தார்கள், 2006இல் வெளிவந்தது: ஆறு மாதம், வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் இருபது நிமிஷம் பம்ப் செய்தும் நீளத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி மாற்றம் எதுவும் வரவில்லை. நிறையப் பேருடைய அளவைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று இருக்கிறது, பல நாட்டு ஆண்கள் 15,000க்கும் மேல். விறைத்த நிலையில் சராசரி 13.12 சென்டிமீட்டர். அதாவது ஐந்தே கால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. நீ போனில் பார்க்கிற ஆட்களோடு ஒப்பிட்டால் யாருக்கும் சிறியதாகத்தான் தெரியும், அவர்களை அதற்காகவே பொறுக்கி எடுக்கிறார்கள்.

காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா? இருந்தால் ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் பெரும்பாலும் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கவலை மனதில்தான், அதற்கு டாக்டர் இருக்கிறார், வெட்கப்பட ஒன்றுமில்லை. லாட்ஜ் வைத்தியர் விஷயம்: ஆண்மை கூடும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கிற சட்டம் 1954இலேயே வந்துவிட்டது. சட்டத்துக்கு வயது எழுபது தாண்டிவிட்டது, போஸ்டர் மட்டும் இன்னும் பசை காயாமல் இருக்கிறது.

ஓய்வூதியர்:

எனக்கு 66 வயது. நான்கு வருஷத்துக்கு முன் புற்றுநோய்க்காக புராஸ்டேட்டை எடுத்துவிட்டார்கள். தையல் ஆறியபிறகு டாக்டரே கையில் பம்பைக் கொடுத்து, வளையம் போடாமல் தினமும் கொஞ்ச நேரம் இழுத்து விடு, இழுத்து விடு, ரத்த ஓட்டம் நின்றுபோய் உறுப்பு சுருங்காமல் இருக்கும் என்றார். அப்போதிலிருந்து இதோடுதான் பழக்கம். புத்தகத்தில் இல்லாத சிலவற்றைச் சொல்கிறேன்.

முதல் பத்து நாள் வெறுப்பாக இருக்கும். தனியாகப் பழகுங்கள். கை பழகுமுன் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் பதற்றம். ஆனால் மறைக்கவும் வேண்டாம். நான் மறைத்து வைத்ததை அலமாரி துடைக்கும்போது அவளே கண்டுபிடித்து, இது என்ன ஆவி பிடிக்கிற மெஷினா என்று கேட்டாள். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வருகிற விறைப்பு இளமையில் வந்தது மாதிரி இருக்காது. வளையத்துக்கு முன்னால்தான் கெட்டி, பின்னால் உடம்புக்குள் இருக்கிற பகுதி தளர்ந்தே இருக்கும். அதனால் கீல் போட்ட கதவு மாதிரி ஆடும். மனைவி கையால் பிடித்து வழிகாட்ட வேண்டியிருக்கும், அவசரப்பட்டு வளைத்துவிடக் கூடாது. ஜில்லென்று இருப்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எனக்கு இப்போது விந்து கிடையாது, ஆனால் இருப்பவர்களுக்கு வளையம் அடைப்பதால் உச்சத்தில் வெளியே வராது, சிலருக்கு அப்போது வலிக்கும், வளையத்தை எடுத்தபிறகு வழியும் என்று டாக்டர் சொன்னார். பிள்ளை வேண்டும் என்கிறவர்கள் கேட்டுக்கொண்டு செய்யவும்.

மோட்டார்க்காரன் தம்பிக்கு ஒரு கதை. இந்தக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் டாக்டர் இல்லை, உங்களை மாதிரி தொழில்காரர். அமெரிக்காவில் ஜார்ஜியாவைச் சேர்ந்த கெடிங்ஸ் ஆஸ்பன், டயர் ரீட்ரெடிங் தொழில் செய்தவர். அறுபதுகளில் தன் பிரச்சினைக்காகத் தானே செய்துகொண்டது, வருஷக்கணக்கில் தானே பயன்படுத்தினார், 1982இல்தான் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. ஆக மெக்கானிக் புத்தியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பொருத்தமான வளையம் செய்தார், நீங்கள் சீல் கிட்டைத் திறந்தீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மோட்டார்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பன்னிரண்டு நாள் ஆகிறது.

மறுநாளே போனேன். வரிசையில் நம் ஆட்கள் நிறையப் பேர், எல்லாரும் கிட்னி கல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் பார்த்தார், கீறலுக்கு ஆயின்ட்மென்டும் ஐந்து நாள் மாத்திரையும் கொடுத்தார், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலை நிறுத்தினீர்களா என்று முதலில் அதைத்தான் கேட்டார். இல்லை என்றதும்தான் மேலே பேசினார். மூன்று மாதச் சராசரி சுகர் எடுத்துப் பார்த்ததில் 9.1. அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கன்றியது இப்போது மஞ்சளாகி மங்கிவிட்டது. ஒன்றரை மாதம் எதையும் தொடக்கூடாது, அப்புறம் இதய டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வால்வு உள்ள கருவியை அவர்களிடமே வந்து போட்டுப் பழக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். விலை சில ஆயிரம் ஆகிறது. முன்பே கொடுத்திருக்கலாம்.

ஒரு ஆர்வத்தில் பழைய 1,400 ரூபாய் பம்பைக் கடைக்கு எடுத்துப் போனேன். பையன்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, குழாயைக் கழற்றிவிட்டு, கைப்பிடியை மட்டும் நம் வேக்குவம் கேஜில் மாட்டி அமுக்கினேன். முள் 17ஐ நின்றுகூடப் பார்க்கவில்லை. 20 தாண்டி 22க்குப் பக்கத்தில் போய்த்தான் நின்றது, நான் இன்னும் அமுக்கினால் இன்னும் போகும் போலிருந்தது. இதே முள்ளைத் தினமும் பார்க்கிறவன், அன்றைக்கு ஒரு நிமிஷம் மாட்டிப் பார்த்திருக்கலாம்.

தனிமரம்_24:

அண்ணா, அந்தப் பம்பை என்ன செய்தீர்கள்?

மோட்டார்க்காரன்:

கைப்பிடி நன்றாக இருக்கிறது தம்பி, ஸ்கூட்டர் பிரேக் ஆயிலில் ஏர் எடுக்க வைத்துக்கொண்டேன். குழாயை வீட்டுக்காரி உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டாள். புதுசு வந்தால் 25 நிமிஷத்துக்குத் தன் போனில்தான் அலாரம் வைப்பேன், உங்களை நம்ப மாட்டேன் என்கிறாள். சத்தம் வைத்தால் பக்கத்து அறையில் அம்மா எழுந்துவிடுவார், அதனால் வைப்ரேஷன்.